டென்ட்டைத் தோப்பில் போடுங்கள், கடலுக்கு நடந்து போங்கள்

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரி கடைசியில் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கிடைக்கிறது. மனைவி, ஐந்து வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. சொந்தக் கார். ஆசைப்பட்டு வாங்கிய டென்ட் ஒன்று உறை பிரிக்காமல் பரண் மேல் கிடக்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கடற்கரையிலேயே டென்ட் போட்டுத் தங்கிச் சுற்றிப் பார்க்க எது நல்ல இடம் என்பது அவருடைய கேள்வி.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் இந்தக் கரையில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது டென்ட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணலில் டென்ட் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கடலிலிருந்து கால் மைல் தள்ளி, சவுக்கோ தென்னையோ உள்ள தோப்பில் தங்குங்கள். கடலுக்கு நடந்து போய்க்கொள்ளலாம்.

காரணம் பல. வெளிநாட்டு வீடியோக்களில் வருவது போல எண் போட்ட இடம், தண்ணீர்க் குழாய், குளியலறை எல்லாம் வைத்த பொது முகாம் மைதானம் இந்தக் கரையில் கிடையாது. பொதுக் கடற்கரையில் இருட்டிய பிறகு டென்ட் தெரிந்தால் ரோந்து வரும் போலீஸ் எழுப்பி அனுப்பிவிடுவார்கள், அதுவும் உங்கள் நல்லதுக்குத்தான். மீனவர் குப்பங்களில் மணல் என்பது வேலை நடக்கிற இடம். விடிகாலை மூன்று நான்கு மணிக்குப் படகு தள்ளுவார்கள், வலை காயப் போடுவார்கள், டிராக்டர் வரும். நம் டென்ட் அங்கே அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் கட்டில் போட்டது மாதிரி. போதாததற்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் வருமே, அதுதான். நம் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து வரும்.

இன்னொரு வேடிக்கை, இந்தக் கரைக்கு இரண்டு அரசாங்கம். புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பமும் சின்ன முதலியார்சாவடியும் ‘பாண்டி பீச்’ என்றுதான் பேர் வாங்கியிருக்கின்றன, ஆனால் விழுப்புரம் மாவட்டம். தெற்கே அரியாங்குப்பம் தொடங்கி முள்ளோடை வரை புதுச்சேரி, முள்ளோடையைத் தாண்டினால் கடலூர். அனுமதியோ புகாரோ, யாரிடம் போவது என்பதை நீங்கள் நிற்கிற இடம்தான் முடிவு செய்யும். ஒரே நாளில் நாலு முறை எல்லை தாண்டுவீர்கள். புதுச்சேரி பாட்டில் ஏதாவது காரில் இருந்தால் முள்ளோடையில் மாட்டிக்கொள்வீர்கள், குடும்பத்தோடு அந்த வம்பு வேண்டாம்.

சரி, எங்கே தங்குவது? அம்மா வருகிறார் என்பதால் கடல் எவ்வளவு தூரம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கழிப்பறையைக் கேளுங்கள். ‘பீச் கேம்ப்’ என்று போர்டு வைத்த தனியார் இடம் ஒன்றுக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டுப் போனோம். படத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தது. போய்ப் பார்த்தால் நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் மாமியார் அன்றிரவு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். அதிலிருந்து நான் போனில் கேட்பது நாலே விஷயம்: வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா, அதற்கும் டென்ட்டுக்கும் எத்தனை அடி, ராத்திரி வழியில் விளக்கு எரியுமா, எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவீர்கள். கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அது குடும்பத்துக்கான இடமில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு, நரம்பை, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் பக்கம் தோப்புகளோடு சேர்ந்த தங்குமிடங்கள் இருக்கின்றன. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சாமியார்பேட்டைக் கரையும் அமைதியானது. இந்த இரண்டு பக்கங்களைத்தான் நான் சொல்வேன். வடக்கே சின்ன முதலியார்சாவடிப் பக்கம் இடங்கள் நிறைய, ஆனால் சனிக்கிழமை ராத்திரி அங்கே கூட்டமும் சத்தமும் வேறு மாதிரி. கடலூர் பழைய நகரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துக்குத் தொழிற்பேட்டை வருகிறது. காற்று திரும்பினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு மட்டும் அதே இடத்தில் ஓர் அறை எடுத்துவிடலாம். சின்னவனும் பாதி ராத்திரியில் பாட்டியிடம் ஓடிவிடுவான், பார்த்துக்கொண்டே இருங்கள். அறை கிடைக்காவிட்டால் மடக்குக் கட்டில் ஒன்று கொண்டுவாருங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குத் தரையில் படுப்பதைவிட, தரையிலிருந்து எழுவதுதான் கஷ்டம்.

தனியார் தோப்பில் தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கிப் போடுவதும் உண்டு. அப்படியானால் தோப்புக்காரரிடம் மட்டும் சொன்னால் போதாது, பக்கத்துக் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். “எங்க ஊருக்கு வந்தவங்க” என்று ஆகிவிட்டால் ராத்திரி ஒரு பயமும் இல்லை, காலையில் மீனும் கரை விலைக்கே கிடைக்கும். சவுக்குத் தோப்பு என்றால் இன்னொன்று: நாலைந்து வருஷத்தில் வெட்டிவிடுவார்கள். போன வருஷம் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து இந்த வருஷம் போனால் வெறும் கட்டைகள் நிற்கும். காய்ந்த சவுக்கு இலை பஞ்சு மாதிரி பற்றும் என்பதால் தோப்புக்குள் கேம்ப் ஃபயர் கூடவே கூடாது. தென்னந்தோப்பில் காய் விழாத இடமாகப் பார்த்துப் போடுவது உங்கள் பொறுப்பு.

டென்ட் போடும் விதத்தில்தான் எல்லோரும் ஏமாறுவது. நானும் ஏமாந்தேன். ஒரு மே மாதம் நரம்பைப் பக்கம், மரத்தடியை விட்டுத் திறந்த மணலில், கடலைப் பார்த்த மாதிரி வாசல் வைத்து ஜம்மென்று போட்டேன். கூடவே வந்த கம்பி ஆப்புகளைச் சுத்தியல்கூட இல்லாமல் கையாலேயே அழுத்தி இறக்கினேன். அப்போதே புரிந்திருக்க வேண்டும், கையால் இறங்குகிற ஆப்பு காற்றுக்குத் தானாகவே ஏறும் என்று. மதியம் இரண்டரைக்குக் கடல்காற்று எழுந்தது. டென்ட் வாயைத் திறந்து காற்றை விழுங்கி, பலூன் மாதிரி உப்பி, நாலு ஆப்பையும் பிடுங்கிக்கொண்டு உருண்டது. உள்ளே சாப்பாட்டுக் கூடை. என் மகள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். “காத்து வர்ற பக்கமா வாசல வெச்சா எப்படி தம்பி” என்று கேட்டுவிட்டு, நாலு பழைய சிமெண்ட் சாக்கு எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, டென்ட் கயிற்றை அந்தக் கட்டிலேயே முடிந்து, முழங்கை ஆழக் குழி தோண்டி சாக்கைப் படுக்க வைத்துப் புதைத்தார். மேலே மணலைத் தள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஏறி நின்று மிதித்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அன்றிலிருந்து ஆப்பு எடுத்துப் போவதே இல்லை, நாலைந்து அரிசிப் பைகள்தான். தோப்பு மண் கொஞ்சம் கெட்டி என்றாலும் கடலோரத்தில் அடியில் மணல்தான் இருக்கும், பைகளை மறக்காதீர்கள். வாசல் கடலைப் பார்க்கவே வேண்டாம். கடல் எங்கேயும் ஓடிவிடாது.

பிப்ரவரியில் பனி இறங்கும். காலையில் டென்ட் மேல் தண்ணீர் தெளித்த மாதிரி நனைந்திருக்கும், அதனால் மேலே ஒரு தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள். அந்தி சாயும் நேரத்தில் ஒரு மணி நேரம் கொசு பிடுங்கி எடுக்கும், அதற்குள் டென்ட் ஜிப்பை மூடிவிட வேண்டும். சமைக்கப் போகிறீர்கள் என்றால் அடுப்பைச் சுற்றி மறைப்பு வேண்டும், இல்லாவிட்டால் காற்று பாதி கேஸைத் தின்றுவிடும். நாங்கள் சமைப்பதில்லை. எலுமிச்சை சாதமும் தக்காளித் தொக்கும் வீட்டிலிருந்து வரும், மீன் மட்டும் அங்கே.

நீங்கள் சொல்லும் மாதம் நல்ல மாதம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் இந்தக் கரைக்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை யார் கூப்பிட்டாலும் டென்ட்டோடு வராதீர்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்கள் தலைக்கு மேலேயே கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே மழை ஓய்ந்த பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்து ஊர்களை முழுக்கியது. ஆற்று முகத்துவாரம் உள்ள ஊரில் இங்கே மழை பெய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது.

இன்னொன்று, கிளம்பும் முன் காலண்டரில் மாசி மகம் என்றைக்கு என்று பாருங்கள். உங்கள் தேதிக்கு அக்கம்பக்கமாக வரும். அன்றைக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். பிச்சாவரம் பக்கத்துக் கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி வருவார், வழியில் கிள்ளை தர்காவில் முஸ்லிம்கள் மரியாதை செய்வார்கள். அம்மா கட்டாயம் பார்க்க ஆசைப்படுவார். ஆனால் அந்த நாளில் காரை எங்கேயும் நகர்த்த முடியாது, பிள்ளைகளைத் தோளில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அதற்காகவே வாருங்கள். இல்லாவிட்டால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, குளிப்பது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் கரையில் ஏமாற்றுவது பெரிய அலை இல்லை. வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பத்திருபது அடிக்கு மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக, சாதுவாகத் தெரியும். “இங்கே அலையே இல்லையே, பிள்ளைகள் விளையாடட்டும்” என்று தோன்றும். அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகிறது. தப்பித்தவறி மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும். தூண்டில் வளைவுகள், அதாவது மணலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கற்குவியல்கள் இருக்கும் இடத்திலும் கல் ஓரமாக இதே இழுப்பு உண்டு. தந்திராயன்குப்பத்தில் இவை நிறைய. முகத்துவாரங்களில் இரண்டடி நகர்ந்தால் கழுத்தாழம். பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம்தான் எல்லை, அதுவும் பெரியவர் ஒருவர் கடல் பக்கமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டு.

சொறி என்று குப்பத்தில் சொல்லும் ஜெல்லி மீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது, கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் தேய்க்காமல் எடுங்கள். மூச்சு வாங்கினால் 108.

பயமுறுத்திவிட்டேனோ? பிள்ளைகளை நிம்மதியாகத் தண்ணீரில் விட வேண்டுமென்றால் சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரைக்குப் போங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் கொடுக்கும் நீலக் கொடிச் சான்றை 2021இல் வாங்கிய கரை. கட்டணம் உண்டு. குளிக்கும் எல்லை, உயிர்காப்பாளர், உடை மாற்றும் அறை, விளையாட்டுச் சாமான்கள் என்று ஒழுங்காக இருக்கிறது. சுண்ணாம்பாறு படகுத்துறை நோணாங்குப்பத்தில், கடலூர் ரோட்டின் மேலேயே. அங்கிருந்து படகில் உப்பங்கழி வழியாகப் பாரடைஸ் கடற்கரைக்குப் போவதுதான் சுகம். போய்ச் சேரும் கரையைவிட, போகும் வழிதான் எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் போனால் அந்தச் சுகத்தை வரிசையில் நின்றே தொலைத்துவிடுவீர்கள்.

புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். அம்மா நிம்மதியாக நடக்கலாம், காந்தி சிலைப் பக்கம் உட்காரலாம். கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் மட்டும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், பாசி வழுக்கும். 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட, இங்கே இருந்த மணல் போய்க் கல் வந்தது. இப்போது செயற்கைத் திட்டு போட்டுக் கொஞ்சம் மணலைத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள்.

அரிக்கமேடு என்று பலகை பார்த்து வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோம் நாட்டு வாணிபத்தை நிரூபித்த இடம்தான், எனக்கு மெய்சிலிர்க்கும். உங்கள் ஐந்து வயதுக்காரனுக்கு அது செங்கல் சுவர். கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், போதும்.

எங்கள் கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். அகலமான மணல், வறுத்த மீன், மிளகாய் பஜ்ஜி. மூத்தவளுக்கு ஒரு கதை சொல்லலாம். 1690இல் இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுட்டுப் பார்த்து எல்லை வைத்தார்கள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர்ப்பெயர் இருக்கிறது, பஸ்ஸில் டிக்கெட் கேட்கலாம். அந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டதால் பார்க்க அதிகமில்லை, கதைதான் மிச்சம்.

இவ்வளவும் சொன்னாலும், எனக்கு ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதைப் பிச்சாவரத்துக்குத்தான் கொடுப்பேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாக ஒன்றரை மணி நேரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2004 ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும், சத்தமும் இருக்காது. வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள், அம்மாவுக்கு ஒரு தொப்பியோ குடையோ வேண்டும்.

உள்ளே போனதும் சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய் மாதிரி பச்சையாக நீளமாகத் தொங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது காய் இல்லை. விதை மரத்திலேயே முளைவிட்டு வளர்ந்த நாற்று. கனம் தாங்காமல் விழும்போது கூர்முனை சேற்றில் குத்தி நிற்கும். தண்ணீர் ஏறியிருக்கும்போது விழுந்தால் மிதந்துபோய் வேறெங்கோ வேர் பிடிக்கும். படகு நிற்கும் ஐந்து நிமிஷத்தில் ஒன்று விழுமா என்று என் மகன் கண் கொட்டாமல் பார்த்தான். விழவில்லை, அழுதுவிட்டான். தில்லை மரம் வந்தால் படகோட்டியே சொல்வார், தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், அப்புறம் அவரே கோயிலுக்குப் போக வேண்டும் என்பார்.

ஆக, மூன்று நாளையும் இப்படிப் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை விடியலில் சேலத்தை விட்டால் உளுந்தூர்ப்பேட்டை, பண்ருட்டி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர், மதியத்துக்குள் நரம்பைப் பக்கம் வந்துவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட்டைப் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலை எட்டரைக்கே சுண்ணாம்பாறு, பிறகு ஈடன், வெயில் தாழ வெள்ளிக் கடற்கரை. ராத்திரி அதே டென்ட். புது இடத்துக்கு மாற்றாதீர்கள், பிரித்துக் கட்டுவதிலேயே அரை நாள் போகும். திங்கள் ஐந்தரைக்கு எழுந்து உதயம் பார்த்துவிட்டு, பிரித்துக் கட்டிப் பிச்சாவரம். கூட்டம் இருக்காது.

திரும்பும்போது வடலூர், விருத்தாசலம் வழியாகப் போங்கள். 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, யார் போனாலும் சாப்பாடு உண்டு. சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் காரில் தூங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த களைப்பில் டென்ட்டை அப்படியே பரணில் ஏற்றிவிடாதீர்கள். மொட்டை மாடியில் விரித்து, நல்ல தண்ணீர் விட்டு ஜிப் ஓரமெல்லாம் கழுவி, நிழலில் காயப் போடுங்கள். என் முதல் டென்ட்டின் ஜிப் உப்புப் பூத்து இறுகி, அடுத்த வருஷம் திறக்கவே மறுத்துவிட்டது.